லாடம் அடித்த பூட்ஸ்

என் பொய்யால் ஒரு பெண் தன் சொந்த வீட்டிலேயே அந்நியமாக வாழ நேர்ந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்பதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அப்பா போர்மேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் தடுமாறாமல் ஒப்பித்தேன். பூரித்துப்போன அப்பா பூட்ஸ் வாங்கித் தந்தார். குதிகாலில் இரும்பு லாடம். நான் நடந்தால் கோயிலே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது. இரும்பு தரையில் உரசினால் பொறி பறக்கும். பெண்கள் வளையல், கொலுசையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டுதான் நுழைவார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கே வேலைசெய்த ஓர் அக்காவிடம் பூட்ஸைக் காட்டியாக வேண்டியிருந்தது. அவள் பதறிக் கையை ஆட்டினாள். நான் படி தாண்டி ஒரு காலை வைத்துக் குதிகாலைத் தட்டினேன். சின்னதாக ஒரு பொறி. பிறகு வெளிச்சம் மட்டும்தான்.

யாரும் சாகவில்லை. அந்த அக்காவோடு வேலைக்கு வந்திருந்த அவள் நாத்தனாருக்கு, பாவாடை சட்டை போடும் வயதுப் பெண்ணுக்கு, ஒரு கை தோள்வரை வெந்துபோனது.

எப்படியோ வெளியே ஓடிவந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அப்பா ஓடிவந்து, "ஏலே, எங்க நின்னே? என்னத்தப் பார்த்தே?" என்றார். படத்தில் மட்டும் பார்த்திருந்த நரகம் அவர் முதுகுக்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்தது.

"இங்கனதான் நின்னேன். அந்த அக்கா காலுல மெட்டி கெடந்துச்சு."

மெட்டி இருந்தது உண்மைதான். புதிதாகக் கல்யாணமானவள், கழற்ற மனம் வராமல் துணி சுற்றியிருந்தாள். வெள்ளி பொறி கக்காது என்று யாரும் யோசிக்கவில்லை. பையன் உள்ளே வந்தான் என்று அவள் அழுததை, பிள்ளைமேல் பழி போடுகிறாள் என்றார்கள். அவள் வேலை போனது.

உயிர்ச்சேதம் இல்லாததற்காக அப்பா ஞாயிறன்று ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார். அன்று காலை என் பூட்ஸில் லாடம் இல்லை. ஆணிக் குழிகள் மட்டும் இருந்தன. கர்த்தரே இரவில் வந்து பிடுங்கிப்போட்டு என்னை மன்னித்துவிட்டார் என்று நம்பினேன். அப்பாவின் மேசையில் குறடு கிடந்ததையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. அப்பா சாகும்வரை நாங்கள் அதைப் பேசவில்லை. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டால் இன்றும் உடம்பு ஒடுங்குகிறது.

போன மாதம் அந்த அக்காவைத் தேடி அச்சங்குளம் போனேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்னக் குச்சிலில் தனி அடுப்பு வைத்திருந்தாள். வெந்த கையால் கல்யாணம் நடக்காமலே போன நாத்தனார் வீட்டில் இருந்தார். அந்த மெட்டியால்தான் கை வெந்தது என்று அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கடவுளிடம் கேட்ட மன்னிப்பெல்லாம் இந்த இருவருக்கும் நடுவில் இருந்த கதவை அசைக்கவே இல்லை.

நான் சொல்லி முடித்ததும் அக்கா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபடி, "எனக்குத் தெரிஞ்சதத்தான சொல்லுதீக, தம்பி. உள்ள இருக்காளே, அவகிட்டச் சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன். நாத்தனார் கையை முந்தானையால் மூடியபடி கேட்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை. எழுந்து பின்கதவைத் திறந்தார்.

"மதினி, சாப்பிட்டீகளா?"

குச்சிலில் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. நான் வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தெருவில் இறங்கினேன்.