எதிர் ஆஸ்பத்திரி சிஸ்டர்

சிஸ்டர் லூர்து அம்மையார் காலமாகிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் மண்டியில் நெல் லாரிக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகை உடனே வரவில்லை. எதிர் ஆஸ்பத்திரியை இனி யார் நடத்துவார்கள் என்பதுதான் முதலில் மனத்தில் ஓடியது. வியாபாரி புத்தி அப்படி.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவாரூரில் மிஷன் பிரசவ ஆஸ்பத்திரியை நடத்தியவர்கள் அவர்கள். பணம் உள்ளவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இல்லாதவர்களைக் கேட்க மாட்டார்கள். அதற்கு நேர் எதிரே, நெல்லில் சேர்த்ததையெல்லாம் போட்டு நான் ஒரு நர்சிங் ஹோம் கட்டினேன். தஞ்சாவூரிலிருந்து டாக்டரம்மா, இரும்புக் கட்டில், மின்விசிறி, காலையில் பாலும் ரொட்டியும். கூலிப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. களத்தில் முறைத்துக்கொண்ட மிராசுதார் வீட்டாரும் கூலிக்காரர் வீட்டாரும் ஒரே கூரைக்குக் கீழ் எப்படிப் படுப்பார்கள், வசதியானவர்கள் என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று நம்பினேன். வரவில்லை. அங்கே தரையில் பாய் போட்டுப் படுத்தார்கள். பின்பக்கக் கொட்டகையில், மகள்களுக்குத் துணையாகத் தங்கிய இரண்டு தரப்புத் தாய்மார்களும், முகம் பார்த்துப் பேசாவிட்டாலும், அடுத்தடுத்த அடுப்பில் பத்திய ரசம் வைத்தார்கள். அந்தப் புகையை மாடியிலிருந்து வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போது என் மகள் செல்விக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது.

"நான் சிஸ்டர்கிட்டதாம்பா போவேன்" என்றாள்.

முதலாளி மகளே எதிரே போனால் ஊர் சிரிக்கும். நர்சிங் ஹோமுக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான். மனைவியோ அவள் பக்கம். "உங்க ஆஸ்பத்திரியில பொண்ணோட அம்மாவையே வெளிய நிறுத்துறீங்க. அவ வலியில கத்துறப்ப நான் கேட்டுல வாட்ச்மேனோட கதை பேசிட்டு நிக்கவா?"

வெட்கத்தை விட்டுத் தெருவைத் தாண்டினேன். சிஸ்டர் பாய்களை வெயிலில் உதறிக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர், எம் பொண்ணு வந்தா நீங்க சேத்துக்கக் கூடாது."

சிரித்தார்கள். "சரிங்க முதலாளி, அனுப்பிடறேன். அவ அம்மாவப் பக்கத்துல படுத்துக்க விடுவீங்களா?"

"என் வீட்டுக்காரிதானே, விடறேன்."

"அவங்கள மட்டும் விட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? எல்லா அம்மாவையும் விடுங்க. பின்னால கொட்டகை போட்டு அடுப்பு வைங்க. பிள்ளை பெத்தவளுக்கு ரொட்டியக் குடுத்தா எந்த அம்மா ஒத்துக்குவா? பூண்டு ரசம் வேணாமா? அப்புறம் பாருங்க, உங்க கட்டிலெல்லாம் நெறஞ்சிடும்."

தொழில் சூட்சுமத்தை எதிர்க் கடைக்காரனுக்கு இப்படித் தூக்கிக் கொடுப்பவரை நான் கண்டதில்லை. நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"உங்களுக்கு ஆள் குறையுமே சிஸ்டர்?"

"குறையட்டுமே. நானும் கொஞ்சம் தூங்குவேன்."

கொட்டகை போட்டேன். பேரன் என் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தான். கட்டில்கள் நிறைந்தன. பொறாமை மட்டும் போகவில்லை, இன்னும் ஏறியது. எனக்கு வந்த பேரும் அவர்கள் கொடுத்ததாகிவிட்டதே! என் ஆஸ்பத்திரியில் பணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள், வீட்டுக்குப் போகும்போது எதிரே நுழைந்து, குழந்தையை ஒரு நிமிடம் சிஸ்டர் கையில் கொடுத்து வாங்கிப் போவார்கள். என் கையில் ஒருவரும் கொடுத்ததில்லை.

இன்று மாலை அவர்களைக் கல்லறைக்கு எடுத்துச் சென்றோம். வண்டி எங்கள் வாசலுக்கு வந்தபோது, என் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பெண்கள், டாக்டரம்மா தடுத்தும் கேளாமல், தாய்மார் தோளைப் பிடித்துக்கொண்டு பச்சைக் குழந்தைகளோடு தெருவில் போய் நின்றார்கள். உள்ளே திரும்பிப் பார்த்தேன். ஒரு கட்டிலிலும் ஆள் இல்லை.

போய் வாருங்கள் சிஸ்டர். போகும்போதும் என் வார்டைக் காலி செய்துவிட்டுத்தான் போகிறீர்கள்.