சேலைக்கு மேல் போட்ட சட்டை

சிங்கப்பூரில் எனக்கு ஆபீஸ் வேலை என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அங்கே நான் தெரு கூட்டுகிறேன். லீவுக்குக் கறம்பக்குடி பக்கம் எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் ஜீன்ஸும் ஷூவுமாகத்தான் பஸ்ஸை விட்டு இறங்குவேன். போன வருஷம் அவசரத்தில் கிளம்பியதில், வேலைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டை ஒன்றும் பெட்டிக்குள் வந்துவிட்டது. வந்தவுடன் அதைப் பழைய துணிகளுக்கு அடியில் திணித்துவிட்டேன்.

எங்கள் பக்கம் பெண்கள் வயல் வேலைக்குப் போகும்போது, வெயிலுக்காகச் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவார்கள். நான் வந்த மறுநாள் சாயங்காலம் கடலை பறித்துவிட்டு வந்த அம்மா அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டிருந்தார். முதுகில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ‘கிளீனிங்’ என்று இருந்தது.

எனக்கு வியர்த்துவிட்டது. “ஏம்மா இதைப் போட்டுக்கிட்டுப் போன? மொதல்ல கழட்டு.”

“எல்லாரும் பாத்தாச்சுப்பா. கூட வேலை செஞ்ச பொண்ணு படிச்சும் சொல்லிருச்சு.” அம்மா சட்டையைக் கழற்றவில்லை. “சிங்கப்பூரு அம்புட்டுச் சுத்தம்னு ஊரே பேசுதுல்ல. அது எம்மகன் செய்யிறதுன்னு சொல்லிட்டு வந்தேன்.”

அதே சட்டையோடு தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கவும் போனார்.

இந்த வருஷம் அதே மாதிரி ஆரஞ்சுச் சட்டை இரண்டு கொண்டுவந்தேன். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்றைப் போட்டுக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.