அனாமதேயமாக நான் எழுதிய ஆறு வரி

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டு போர் தண்ணீரும் வாயில் வைக்க முடியாது. பல் தேய்த்தால்கூட உப்புக் கரிக்கும். அதனால் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் ஆட்கள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, எதிர் வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே நாளில் ஒரே மாதிரி மெஷினை வாங்கினோம். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்திராத காலம் அது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும்.

அவளுக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் பள்ளியில் தமிழ் ஆசிரியை. என் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். அதனால் மாலை நேரங்களில் எதிர் வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது.

மூன்றாவது மாதமே இரண்டு மெஷின்களும் ஒன்றுபோல் கெட்டன. பச்சை விளக்கு எரியும், ஆனால் குழாயில் வருவது பழைய உப்புத் தண்ணீர்தான். போன் செய்தால், "ஆள் அனுப்புறோம் மேடம், நோட் பண்ணிக்கிட்டோம்" என்பார்கள். ஆள் வந்ததில்லை.

நான் கடிதம் எழுதினேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில், எட்டு மாதத்தில் ஐந்து கடிதங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருத்தி எழுதியிருக்கிறேன். தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் எதிர் வீட்டுப் பெண்ணிடம் வாசித்துக் காட்டுவேன். "சூப்பரா எழுதுறீங்க டீச்சர்" என்பாள். ஒப்புகை அட்டை மட்டும் கம்பெனி முத்திரையோடு திரும்பி வரும். பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதிக்கும் எழுதிப் பார்த்தேன். வெளிவரவில்லை.

ஒருநாள் அவள் கையில் ஒரு பிரிண்ட் அவுட்டோடு வந்தாள்.

"ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல ஒரு சைட்ல போட்டேன் டீச்சர். கம்பெனிங்க மேல கம்ப்ளெயின்ட் எழுதுறதுக்குன்னே இருக்கற சைட். பாருங்களேன்."

ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். வாங்கிய தேதி, பில் எண், எந்தெந்த நாளில் போன் செய்தாள், என்ன பதில் சொன்னார்கள், புகார் எண் எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. கிண்டியில் ஒரு ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்திருந்தாள். அந்த முடிவும் இருந்தது. அடியில் அவள் பெயரும் போன் நம்பரும். இலக்கணம் பல இடங்களில் தவறியிருந்தது. ஒரு உவமை இல்லை, கோபமாக ஒரு வார்த்தை இல்லை. இதை யார் படிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, "நல்லா இருக்கும்மா" என்றேன்.

ஊரே படித்தது. பத்து நாளில் அதன் கீழே எழுபது பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள். வேளச்சேரியிலிருந்து, மதுரையிலிருந்து, பம்பாயிலிருந்தெல்லாம். எங்களுக்கும் இதே கதிதான் மேடம், நீங்களாவது துணிந்து எழுதினீர்களே என்று பாராட்டு. தினமும் சாயங்காலம் வந்து புதிதாக யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்வாள். பெருமைக்காகச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னாள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் தாங்க முடியவில்லை.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவளை முன்னால் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அப்போதே பதினாறு வருடமாக அந்தத் தெருவில் இருந்தேன். பொங்கல் விழாவுக்குக் கோலப்போட்டி நடுவராக இருக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினேன். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு இருவரும் சேர்ந்து போனால், பக்கத்துத் தெருக்காரர்கள் அவளை நிறுத்தி, "எந்த மெஷின் வாங்கலாம்மா, நீங்க சொல்லுங்க" என்பார்கள். அதே மெஷின் எங்கள் வீட்டிலும் கெட்டுத்தான் கிடந்தது. யாரும் என் பக்கம் திரும்பியதில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை இரண்டு பேருடைய பையையும் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு சனிக்கிழமை மாலை குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்திய அம்மாள் ஒரு நோட்டை நீட்டிப் பெயர், முகவரி எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். ரேஷன் கார்டு நகலையும் வாங்கி வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் அந்தப் புகார்த் தளத்தை எடுத்துக் கொடுத்ததும் அவரே.

எல்லோரும் அவளைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். கீழே கீழே போய்ப் படித்தேன். எட்டு மாதம் நான் திருத்தித் திருத்தி எழுதியதை யாரும் படிக்கவில்லை, இவள் சோற்றை மென்றுகொண்டே தட்டியதற்கு இவ்வளவு பேர். அந்த எரிச்சலோடுதான் எழுதினேன். தமிழில் அடிக்கத் தெரியாததால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். சொந்தப் பெயரைப் போடவில்லை, 'பாதிக்கப்பட்டவன்' என்று ஆண் பெயர்போலப் போட்டேன். மொத்தம் ஆறு வரி. இந்தக் கம்பெனி குப்பையில் போன பழைய ஃபில்டரைக் கழுவிப் புதிது என்று விற்கிறது, இதன் முதலாளி ஊரை ஏமாற்றும் திருடன், இந்தத் தண்ணீரைக் குடித்து என் குழந்தை மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டது, இவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. மகள் அந்த மெஷினை ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை.

மறுவாரம் போய்ப் பார்த்தேன். என் வரிகளுக்குக் கீழே பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தது.

அன்று மாலை அவள் வந்தாள். "யாரோ ஒருத்தரோட குழந்தைக்கு மஞ்சக்காமாலையாம் டீச்சர். படிச்சதிலேர்ந்து மனசே சரியில்ல."

"அப்படியா" என்றேன்.

அடுத்த மாதம் அவளுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆறு பக்கம். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, நான் பள்ளியிலிருந்து வரும்வரை வாசலில் காத்திருந்தாள்.

"நீங்க படிச்சுச் சொல்லுங்க டீச்சர். வக்கீல் பாஷை எனக்குப் புரியல."

வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு பெரிய கம்பெனி, ஒரு பெரிய வக்கீல், அவர்கள் எல்லோரும் உட்கார்ந்து இவள் எழுதியதை வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். என் ஐந்து கடிதங்களை ஒரு குமாஸ்தாகூடப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். நோட்டீஸுக்குக்கூட இவள்தான் தகுதியானவள் என்று ஒரு நொடி பொறாமைப்பட்டேன். இதை எழுதும்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது பக்கத்தில் என் ஆறு வரியும் ஆங்கிலத்தில் இருந்தது. கம்பெனியின் நற்பெயரைக் கெடுக்க இவரே வேறு பெயர்களிலும் எழுதியிருக்கிறார் என்று போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் பதினைந்து நாளில் எடுத்துவிட்டுப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அவதூறு என்று கிரிமினல் வழக்கும், நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடுவோம் என்றிருந்தது.

"இது நான் எழுதினதே இல்ல டீச்சர்" என்று அந்தப் பத்தியைக் காட்டினாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த நான்கு நாளில் தெரு மாறிப்போனது. சங்கச் செயலாளர், "இதுல சங்கத்தை இழுக்காதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தையில் நிறுத்திக் கேட்டவர்கள் அவளைக் கண்டால் நடையைத் துரிதப்படுத்தினார்கள். அவள் கணவர், "யாரு உன்னைப் பேரு, போன் நம்பரெல்லாம் போடச் சொன்னது? எல்லாத்தையும் அழிச்சிட்டு மன்னிப்பு எழுதிக் குடுத்துடு" என்று சத்தம் போட்டது எங்கள் சமையலறைவரை கேட்டது. எனக்கு உள்ளே எங்கோ ஒரு ஓரத்தில் குளிர்ந்தது. அவள் கீழே வந்துவிட்டாள், என் உயரத்துக்கு வந்துவிட்டாள் என்பதுபோல ஒரு குளிர்ச்சி.

ஐந்தாம் நாள் தாம்பரத்தில் ஒரு பெண் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

அந்த வக்கீலம்மா குரலை உயர்த்தாமல் பேசினார். நோட்டீஸில் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, "இதுக்குக் காகிதம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். எதிர் வீட்டுப் பெண் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பில், புகார் எண்கள் எழுதிய டைரி, ஆய்வக அறிக்கை.

"நல்லது. நடந்ததை நடந்த மாதிரி எழுதியிருக்கீங்க. யாரையும் திட்டல. நாலு பேருக்குப் பயன்படணும்னு எழுதினது, அதுக்கு ஆதாரமும் இருக்கு. கோர்ட்டுக்குப் போனாலும் பதில் சொல்லலாம். இழுத்தடிப்பாங்க, அது வேற. ஆனா இது?" பேனா மூன்றாவது பக்கத்தில் நின்றது. "பழைய ஃபில்டர், திருடன், மஞ்சள் காமாலை. இதுக்கு என்ன இருக்கு?"

"அது நான் எழுதல மேடம்."

"நீங்க எழுதலன்னு நாமதான் காட்டணும். இந்த மூணு விஷயத்தை வச்சுக்கிட்டு நீங்க எழுதின அத்தனையும் பொய்னு பேசுவாங்க. பேர் போடலன்னா யாருக்கும் தெரியாதுன்னு ஜனங்க நினைக்கறாங்க. எந்த சென்டர்லேர்ந்து எழுதினதுன்னு போலீஸ் கேட்டா வந்துடும். அங்க நோட்ல கையெழுத்து இருக்கும்."

ரேஷன் கார்டு நகல் அந்தச் சென்டர் மேசை டிராயருக்குள் போனதை நினைத்தேன். பயத்தில்தான் சொன்னேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

"அது நான்தாம்மா எழுதினேன்."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். எதிர் வீட்டுப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையில் பரப்பிய காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க பொண்ணுக்கு எப்ப மஞ்சக்காமாலை வந்துது டீச்சர்?"

"வரல."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

எனக்குப் பதில் தெரியும். உன்னைப் படித்தார்கள், என்னைப் படிக்கவில்லை. "தெரியலம்மா" என்றேன். அதுவும் பொய்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வக்கீலம்மா சொன்னபடி. எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆறு வரியை நீக்கும்படி அந்தத் தளத்துக்கு எழுதினேன். கம்பெனிக்கு என் பெயரிலேயே வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினேன். உவமை, அடைமொழி எதுவும் இல்லாமல் எட்டே வரியில் எழுதிய கடிதம் அது. ஒரு வாரத்தில் பதில் வந்தது. அந்தக் கம்பெனி எனக்கு எழுதிய ஒரே பதில் அதுதான். தங்கள் வருத்தத்தை ஏற்றுக்கொண்டோம், மேல் நடவடிக்கை எடுக்கவில்லை, இனி இப்படி எழுதினால் எடுப்போம் என்றிருந்தது. பதிவுத் தபாலில் போன என் ஐந்து கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்காக வக்கீலம்மா பதில் நோட்டீஸ் அனுப்பினார். எழுதியது அத்தனையும் உண்மை, ஆதாரங்களின் நகல் இத்துடன், எதையும் எடுக்க மாட்டோம் என்று. இரண்டு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. அந்த இரண்டு மாதமும் அவள் வீட்டில் தபால்காரர் மணி அடித்தால் நானும் ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பேன். பிறகு ஒருநாள் கம்பெனி வேன் வந்து நின்றது. அவள் வீட்டில் புது மெஷினை மாட்டிவிட்டுப் போனார்கள். கம்பெனி மாற்றிக் கொடுத்துவிட்டது என்று அதையும் அந்தத் தளத்தில் தேதியோடு எழுதினாள். என் வீட்டு மெஷினைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டேன்.

பேச்சு நின்றுவிடவில்லை. வாசலில் பார்த்தால், "சாப்டீங்களா டீச்சர்" என்பாள். சந்தைக்குத் தனியாகப் போனாள். எழுதியதைக் கொண்டுவந்து காட்டுவது நின்றது. ஒரு வருடம் கழித்து கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வைத்தாள், போய்விட்டு வந்தோம்.

என் மகள் வேலைக்குச் சேர்ந்த பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு மதியம் அந்தத் தளத்தைத் திறந்தேன். எதிர் வீட்டுப் பெண் அதற்குப் பிறகு ஒரு டிராவல்ஸ் பற்றியும் ஒரு வாஷிங் மெஷின் பற்றியும் எழுதியிருந்தாள். அதே தேதி, அதே பில் எண், அதே பிழையான ஆங்கிலம். கீழே நிறையப் பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். நெஞ்சில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. கருத்து எழுதும் பெட்டியில் ஏதாவது எழுதலாம் என்று விரல் கீபோர்டுக்குப் போனது. என் சொந்தப் பெயரை அடித்தேன். அதற்குக் கீழே எழுத உண்மையாக எனக்கு ஒன்றும் இல்லை. மூடிவிட்டு எழுந்தேன்.