கள்ளன் தொடாத ஒன்பது பாட்டு

இணையத்திலிருந்து ஒரு பாட்டை இறக்கினால் அது அங்கே இல்லாமல் போய்விடும் என்று பதின்மூன்று வயதில் நான் நம்பியிருந்தேன். கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீர் பிறகும் கிணற்றில் இருக்குமா? இந்தக் கொள்கையை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை, சொந்தக் கண்டுபிடிப்பு. வகுப்பில் விஞ்ஞானத்துக்கு முதல் மாணவி வேறு. கொள்கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை நம்பி, என் பெரியப்பாவின் களவுபோன பாட்டை மீட்டு வருவதற்காக நெற் கபே ஒன்றுக்குள்ளும் நுழைந்தேன்.

பெரியப்பா இளைப்பாறிய தமிழ் வாத்தியார். புத்தூரில் ஒரே வளவுக்குள் அவர்கள் வீடும் எங்கள் வீடும் இருந்தன. சந்தேகப்படுவதை அவர் தேகாப்பியாசம் போலத் தினமும் செய்துவந்தார். சந்தையில் மரக்கறி நிறுக்கும்போது மற்றவர்கள் தராசைப் பார்ப்பார்கள். அவர் நிறுக்கிறவனின் சுண்டுவிரலைப் பார்ப்பார். கடிதம் வந்தால் ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் உடைப்பார். சண்டை நின்று சமாதானம் வந்து, பாதை திறந்து, ஊரே கொழும்புக்கு பஸ் ஏறியபோது, "உது கனநாளைக்கு நிக்காது" என்றார். அவருடைய சந்தேகங்களில் சரியாகப் போனது அநேகமாக அது ஒன்றுதான்.

அந்தச் சமாதான காலத்தில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளையார் மீது அவர் பத்துப் பாட்டு எழுதினார். அப்போது கோயிலுக்குக் கோயில் இறுவெட்டு, அதாவது பாட்டு சீடி, வெளியிடுகிற காய்ச்சல் பரவியிருந்தது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் செலவை ஏற்க, ஊரில் ஒருவர் பாட்டெழுத, இன்னொருவர் இசையமைக்க, கொடியேற்றத்துக்கு முன் ஒரு மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றி வெளியிடுவார்கள். பெரியப்பாவின் செலவைக் கனடாவில் இருந்த அவருடைய ஒரே மகன், எங்கள் அண்ணை, ஏற்றுக்கொண்டார். பாட்டெழுதியது பெரியப்பா. பாடியதும் பெரியப்பா.

அவருடைய குரலைப் பற்றி எங்கள் வளவில் யாரும் கதைப்பதில்லை. அவர் தேவாரம் தொடங்கினால் பெரியம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

பத்துப் பாட்டுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலாவதில் பிள்ளையார் துயில் எழுவார். பத்தாவதில் திருவிழா முடிந்து கொடி இறங்கும். பத்தும் சேர்ந்து ஊரின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகவேண்டும், இதுதான் அவருடைய ஆசை. காசு வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. ஒலிப்பதிவுக் கூடத்தை ஒரே ஒரு நாளைக்குத்தான் எடுத்திருந்தார்கள். சுடுதண்ணீர்ப் போத்தலுக்குப் பொறுப்பாக நானும் போனேன். ஆறு பாட்டை ஒரே மூச்சில் பாடியவருக்கு ஏழாவதில் தொண்டை கட்டிவிட்டது. மல்லித்தண்ணி குடித்தும் காற்றுத்தான் வந்தது. தங்களுக்கு நாள் குறிக்க வந்து வெளியே காத்திருந்தவர்களில், கொழும்புத்துறையில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிற ஓர் அக்கா இருந்தார். கூடத்துக்காரர் அவரைக் கேட்டுப் பார்த்தார்.

"பிள்ளையார் பாட்டோ?" என்று அக்கா கடதாசியை வாங்கினார். "நான் வேதக்காரி. உங்கடை ஆக்கள் குறை நினைக்கமாட்டினமோ?"

"பிள்ளையார் நினைக்கமாட்டார்," என்றார் பெரியப்பா, இல்லாத குரலில்.

அக்கா ஒருமுறை வாசித்தார், ஒருமுறை பாடினார். அவ்வளவுதான். அதற்குள் பெரியப்பாவுக்குத் தொண்டை திறந்துவிட, மிச்ச மூன்றையும் அவரே பாடி ஒப்பேற்றினார்.

வழக்கப்படி முதற் பிரதி செலவை ஏற்றவருக்கு உரியது. அண்ணையால் வரமுடியாது. விழா நாளில் அங்கே அவர் கையிலும் அது இருக்கவேண்டும் என்று, லீவில் வந்து திரும்பிய ஒருவரிடம் முதல் இறுவெட்டைப் பெரியப்பா முன்கூட்டியே கொடுத்துவிட்டார். நல்லெண்ணெய்ப் போத்தலுக்கும் மிளகாய்த்தூள் பைக்கும் நடுவில் பிள்ளையார் கனடா போனார்.

இந்த இடத்தில் அக்காலத்துப் பாட்டு வியாபாரத்தைச் சொல்லியாகவேண்டும். அதுவரை பாட்டும் எங்களிடம் மீனைப்போலக் கூறாகத்தான் விற்றது. ஒரு நல்ல விளைமீன் வேண்டுமென்றால் அந்தக் கூறில் கிடக்கும் காரலையும் சேர்த்துத்தான் தூக்கவேண்டும். படத்தில் ஒரு பாட்டுப் பிடித்ததற்காகக் கசெற்றிலுள்ள மிச்சத்தையும் வாங்கினோம். றெக்கோடிங் கடையில் பொறுக்கிப் பதியலாம், ஆனால் அங்கேயும் கசெற் நிரம்பும்வரை பாட்டுச் சொல்லவேண்டும்; கடைசியில் நினைவுக்கு ஒன்றும் வராமல் கடைக்காரனுக்குப் பிடித்ததைப் பதிந்துகொண்டு வருவோம். சந்தியில் நெற் கபே வந்ததும் கூறு குலைந்தது. ரெலிபோன் வயரில் பாட்டு வந்தது. ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க ஒரு பாட்டு இறங்கும், மழை என்றால் இரண்டு தேத்தண்ணி. வேண்டிய ஒன்றை மட்டும் இறக்கி இறுவெட்டில் எழுதித் தந்தார்கள். சனம் விளைமீனை மட்டும் தூக்கப் பழகிக்கொண்டது. காரலின் மனநிலையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

வெளியீட்டுக்கு இன்னும் நாள் கிடந்தது. ஒரு காலை பெரியப்பா முற்றத்தில் முகம் வழித்துக்கொண்டிருந்தபோது ஒழுங்கையால் ஓர் ஓட்டோ போனது. அதற்குள்ளிருந்து ஏழாவது பாட்டு வந்தது. அரைவாசி வழித்த கன்னத்தோடு படலை வரைக்கும் ஓடிப் பார்த்தார். ஓட்டோ போய்விட்டது. அன்று பின்னேரமே சலூனில் கேட்டது. மறுநாள் பக்கத்து வளவுக் கிணற்றடியில் யாரோ அதை முணுமுணுத்தபடி தோய்ந்துகொண்டிருந்தார்கள்.

"களவெடுத்துப்போட்டாங்கள்," என்றார் பெரியப்பா.

அன்று முதல் எங்கள் வளவில் விசாரணை. கூடத்துக்காரன் ஒரு பிரதி ஒளித்து வைத்திருக்கலாம். அந்த அக்கா "தேவையில்லாமல் சிரிச்சவ." கனடாக்காரரின் பெட்டியை வழியில் திறந்து பார்த்தவர்களில் ஒருவனுக்குச் சங்கீத ஞானம் இருந்திருக்கலாம். இரண்டு நாளைக்கு என் அப்பாவும் பட்டியலில் இருந்தார். எங்கள் வீட்டில் ஒரு ரேப் றெக்கோடர் இருந்ததைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. எனக்கோ வாழ்க்கையில் அப்படியொரு மகிழ்ச்சி வந்ததில்லை. ஊரில் காண்கிற எல்லோரையும் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கண்ணில் ஏதோ வருத்தம் என்று அம்மா முலைப்பால் விடலாமா என்று யோசித்தாராம்.

கடைசியில் பெரியப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நெற் கபேக்குப் போனார். ஹார்ட்போட் பலகையால் மறைத்து, திரைச்சீலை போட்ட சின்னச் சின்ன அறைகள். அந்தத் திரைச்சீலைகளாலேயே அம்மா அந்தப் பக்கம் போகவேண்டாமென்று தடுத்து வைத்திருந்தார்.

"மாஸ்ரர், நான் களவெடுக்கேல்லை," என்றார் கடைக்காரர். "உது கனடாவிலை இருந்து ஏத்திக் கிடக்கு. வந்து பாருங்கோ."

திரையில் எங்கள் கோயில் கோபுரத்தின் படம் மெல்ல மெல்ல மேலிருந்து கீழே இறங்கியது. அதன்கீழ் 'அப்பாவின் பாடல்கள்' என்று இருந்தது. அதன்கீழ் அண்ணையின் முழுப் பெயர்.

"உங்கடை மோன்தான் போல."

"ஒரே பேரிலை எத்தினை பேர் இருக்கிறாங்கள்," என்றார் பெரியப்பா.

"தேப்பன்ரை பேரும் ஒண்டாய்க் கிடக்கே, மாஸ்ரர்."

"கள்ளன் எண்டால் உதெல்லாம் விசாரிச்சுப்போட்டுத்தான் வருவான்."

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. நான் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்று முதல் பத்து வரை எல்லாப் பாட்டும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பேர் இறக்கினார்கள் என்று ஓர் இலக்கம். ஏழாவதுக்கு நீளமான இலக்கம். மற்றவற்றுக்கு ஒற்றை இலக்கம், சிலதுக்குச் சைபர்.

"பெரியப்பா, மற்றப் பாட்டெல்லாமும் உதுக்குள்ளைதான் கிடக்கு."

"கிடக்கட்டும்."

"அப்ப அதுகளை ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். கடைக்காரருக்குத் திடீரென்று விசைப்பலகையில் தூசி தெரிந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் துடைத்தார்கள்.

"நட பிள்ளை, வெய்யில் ஏறுது," என்றார் பெரியப்பா.

வீட்டுக்கு வந்து, அண்ணையின் பெயரை வைத்துக்கொண்டு கனடாவில் ஒரு கள்ளன் திரிகிறான் என்று அறிவித்தேன். "அப்பிடித்தான் இருக்கும்," என்றார் பெரியம்மா. அம்மா கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கப் போனார். உடுப்பு இன்னும் காயவில்லை.

என் கொள்கை வேலை செய்யத் தொடங்கியது அப்போதுதான். ரியூசன் முடிந்து, அம்மாவுக்குத் தெரியாமல், தனியாக நெற் கபேக்குப் போனேன். ஏழாவது பாட்டை இறக்கித் தரச் சொன்னேன். அன்று மழை, கடைக்காரர் இரண்டு தேத்தண்ணி குடித்தார். இறுவெட்டை விஞ்ஞானப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து பெரியப்பாவின் கையில் கொடுத்து, "இனி அங்கை இராது" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடம் பிள்ளைகளின் பிழை திருத்திய மனிதர். என்னைத் திருத்தவில்லை. "நல்ல வேலை செய்தாய்," என்று மட்டும் சொன்னார். மறுநாள் அந்தப் பாட்டு இரண்டு ஓட்டோக்களில் போனது. கள்ளன் இன்னொன்று ஒளித்து வைத்திருந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அந்த நீளமான இலக்கத்தை நானும் என் பங்குக்கு ஒன்றால் கூட்டிவிட்டிருந்தேன்.

வெளியீட்டு விழா குறைவில்லாமல் நடந்தது. ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை. நயப்புரை செய்தவர் ஏழாவது பாட்டை மட்டும் நயந்துவிட்டு அமர்ந்தார். சிறப்புப் பிரதிக்குப் பெயர் கூப்பிடப்பட்டவர்கள் ஏறி, படத்துக்குச் சிரித்து, இறங்கினார்கள். கூப்பிடப்படாத சனத்துக்கு விற்கிற மேசையில் நான் இருந்தேன். ஒரு மாமி வந்து உறையைத் தடவிப் பார்த்தார்.

"பிள்ளை, ஏழாவது எங்களிட்டைக் கிடக்கு. மற்றதுகள் எப்பிடி?"

"பெரியப்பா பாடினது, மாமி."

"ஓ. அப்ப போகேக்கை வேண்டுறன்." போகும்போது அவர் மண்டபத்தின் மற்ற வாசலால் போனார். அவரைப்போலப் பலருக்கும் அன்று மற்ற வாசல் கிட்டவாக இருந்தது.

ஏற்புரையில் பெரியப்பா பத்துப் பாட்டின் ஒழுங்கைப் பற்றிச் சொல்வதாக இருந்தது. சொல்லவில்லை. "என்ரை மாலையிலை ஒரு பூவைக் களவெடுத்துப்போட்டாங்கள்," என்றார். "எடுத்தவன் இந்தச் சபைக்குள்ளைதான் இருக்கிறான்." சபையில் அநேகமாக எல்லோரும் எடுத்தவர்கள்தாம். ஆளுக்காள் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, மேடையைப் பார்த்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இறுவெட்டுப் பெட்டிகள் வந்த லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்திலேயே திரும்பி வந்து கட்டிலுக்கடியில் ஏறின.

அதன் பிறகு பெரியப்பா பின்னேரங்களில் காணாமல் போகத் தொடங்கினார். ஒருநாள் ரியூசனால் வரும்போது நெற் கபே வாசலில் அவருடைய சைக்கிளைக் கண்டேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு திரைச்சீலை அரைவாசி விலகியிருந்தது. காதுகளில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பெரியப்பா இருந்தார். திரையில் கோயில் கோபுரம். உதடுகள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. கள்ளனைப் பிடிக்க மனிதர் தவமே இருக்கிறார் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடிவந்து வீட்டில் சொன்னேன். "ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை," என்றார் பெரியம்மா. துப்பறிவதில் இரகசியம் முக்கியம் என்பது எனக்குத் தெரியாதா.

தெரியாமலிருந்தது வேறு. கள்ளன் எல்லாவற்றையும்தான் வாசலில் வைத்திருந்தான், ஊர் ஒன்றைத்தான் தூக்கியது, மிச்சம் ஒன்பதும் கேட்பாரில்லாமல் கிடந்தன. பறிகொடுத்தவனைத் தேடி நாலு பேர் வந்து துக்கம் விசாரிப்பார்கள், வேண்டாமென்று விடப்பட்டவனிடம் யாரும் வருவதில்லை. அந்தக் கள்ளனை விட்டால் பெரியப்பாவுக்கு வேறு பிடி இருக்கவில்லை. அவருக்காக வீடு முழுவதும் அந்தக் கள்ளனைச் சோறு போட்டு வளர்த்தது. அண்ணை ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில் கதைத்தும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நான் கண்டதும் துப்பறிதல் அல்ல. தான் எழுதிய வரிகளை, தன் குரல் குறுக்கே வராமல், அந்த அக்காவின் குரலில் ஒருமுறை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தோல்வியின் நடுவில் ஒரு கவிஞன் தன்னை ரசித்த இடம் அது.

இதையெல்லாம் போன வருடம், பெரியப்பாவின் திவசத்துக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துச் சொன்னேன். எழுத்தாளர் என்று பெயர் எடுத்தால் இப்படியான இடங்களில் குரல் தானாகத் தழுதழுக்கும். அம்மா மூக்கைச் சிந்தினார். கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணை வெளியே போய்விட்டார். பெரியம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ரசிச்சவராமோ. ரண்டாம் பதிப்பிலை அந்தப் பாட்டையும் தானே பாடவேணும் எண்டு பழகினவர். வீட்டிலை பழக நான் விடேல்லை."