வெருண்ட எருமையும் அழகரத்தினத்தின் காரும்

அழகரத்தினத்தை யாராவது கோபக்காரன் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதரைக் கோபக்காரர் ஆக்கியவர்களுக்கு மட்டும் நல்ல பெயர்.

வவுணதீவுக்காரர். யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் நடுவில் வாவிக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு ஓடிய கார்களில் அவருடைய பழைய மொறிஸ் மைனரும் ஒன்று. பிரசவ வலியோ பாம்புக்கடியோ, அவரைத்தான் கூப்பிடுவோம். ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, சீட்டைக் கழற்றிக் காட்டி, திரும்பப் பூட்டி, பட்டணத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவார். வீட்டில் அடுப்பெரிவதும் அந்தக் காரால்தான். அதனால் வருடம் தவறாமல் முழுக் காப்புறுதி போட்டு வைத்திருந்தார்.

ஒருநாள் பின்னேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு நான் அவருடைய காரில் வந்துகொண்டிருந்தேன். வயல் வட்டைக்குள்ளிருந்து ஓர் எருமை வெருண்டோடி வந்து பக்கவாட்டில் மோதியது. கார் வாய்க்காலுக்குள் புரண்டு நசுங்கியது. எங்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எருமை செத்தது. எருமைக்காரர் சாமித்தம்பி ஓடி வந்து, மாட்டைத் திரும்பியும் பார்க்காமல் எங்களைத் தூக்கிவிட்டார். நட்டஈடு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

காப்புறுதிக் கொம்பனிக்காரர்கள் சாவடி தாண்டி வரமாட்டார்களாம். காரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனோம். ஒருவர் அதைச் சுற்றி நடந்து பார்த்தார். இது யுத்தச் சேதம், அதற்குக் காப்புறுதிப் பணம் தர முடியாது என்றார்கள். எருமை இடித்ததை யுத்தம் என்கிறார்களே என்று எனக்குக் கொதித்தது. சாமித்தம்பியையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு மூவருமாக மனேஜரிடம் போனோம்.

“ஓம் ஐயா, என்ட எருமைதான். நான் கண்ணால கண்டன்,” என்றார் சாமித்தம்பி.

“சரி, எருமை ஏன் ஓடினது?”

“ஆமிக் காம்பிலிருந்து ஷெல் அடிச்சாங்க. அதுக்கு வெருண்டிட்டு.”

மழை தூறியது என்பதைப் போலத்தான் அவர் சொன்னார். எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. தினமும் விழுகிற சத்தத்தை யார் மனதில் வைத்திருப்பது?

மனேஜர் பேனையை மூடினார். “அப்ப யுத்தச் சேதம்தானே.”

“நான் எங்க இருக்கிறன் எண்டு தெரிஞ்சுதானே ஐயா வருசா வருசம் காசு வாங்கினீங்க?” என்றார் அழகரத்தினம். “அப்ப ஷெல் சத்தம் கேக்கல்லையா?”

“கொம்பனிச் சட்டம். நான் என்ன செய்ய?”

வெளியே வந்ததும் சாமித்தம்பி அழுதுவிட்டார். “என்ட வாயால கெட்டுப்போச்சு மச்சான்.”

“நீ உண்மையத்தானே சொன்ன. அழவேண்டியவன் உள்ளுக்க இரிக்கான்,” என்றார் அழகரத்தினம்.

வீட்டு வளவில் பாதியை விற்றுத்தான் காரைத் திருத்தினார். ஆனால் காப்புறுதி இல்லாமல் தெருவில் இறக்க முடியாது. எங்கள் பக்கத்து வாகனங்களை ஏற்க வேறு கொம்பனியும் இல்லை. அதே மேசைக்கு முன்னால் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

“இந்த முறையும் முழுக் காப்புறுதிதானே?” என்று கேட்டார் மனேஜர், வெட்கமே இல்லாமல்.

“இல்ல ஐயா. ஷெல் அடிக்காத நாளுக்கு மட்டும் போடுங்க. அப்பிடி ஒரு நாள் நம்மட பக்கம் எப்ப வருமெண்டும் நீங்களே எழுதுங்க.”

பகிடி என்று நினைத்து மனேஜர் சிரித்தார். சிரித்துக்கொண்டே காசையும் வாங்கினார்.