டச்சப் அக்காவின் பழைய படம்

ஸ்டுடியோவுக்கு வருகிற எல்லாருக்கும் அவள் டச்சப் அக்காதான். அறுபது வயதுப் பெரியவர்கூட, "டச்சப் அக்கா, இந்தக் கன்னத்தை மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று கூச்சமில்லாமல் கேட்பார். பாஸ்போர்ட், விசா, வேலை விண்ணப்பம், கல்யாண ஆல்பம் என்று இருபத்தைந்து வருஷமாக ஊர் முகமெல்லாம் அவள் கைக்குள் வந்து பளிச்சென்று ஆகி வெளியே போயிருக்கிறது. பருவை எடுப்பாள், கண்ணுக்கடியில் இருக்கும் கருப்பை எடுப்பாள், வழுக்கையில் அடிக்கிற வெளிச்சத்தைத் தட்டி வைப்பாள். கிடைத்த துணியை மாட்டிக்கொண்டு ஓடி வருகிறவர்களுக்காகக் கம்ப்யூட்டரில் நாலு கோட்டும், பெண்களுக்கென்று காலர் வைத்த ஒரு நீலச் சட்டையும் தயாராக இருக்கும். கழுத்துக்குக் கீழே ஒட்டிவிட்டால் யாரும் ஆபீசர்தான். அந்த ஒரே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் எந்தெந்த தேசத்துக்குப் போனார்களோ தெரியாது.

நாற்பத்தாறு வயதில் தன்னுடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கிளம்பினாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு, ஓடிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து தன்னைத் தானே எடுத்துக்கொண்டாள். திரையில் திறந்து பார்த்தால், மேலிமை இரண்டும் தொங்கிப் போய்க் கண் பாதி மூடிக் கிடந்தது. கீழே ஆளுக்கொரு பை. வாடிக்கையாளர் முகமாக இருந்தால், "கவலைப்படாதீங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லியிருப்பாள். தன் முகத்துக்கும் அதே வேலையைச் செய்தாள்; உண்மையில் அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கை கழுவப் போனவள் கண்ணாடியில் பார்த்தாள். இமையும் பையும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஊருக்கெல்லாம் ஒட்டிய முகம் தனக்கு மட்டும் ஒட்டவில்லையே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இமையைத் தூக்கி, பையை எடுத்துவிடும் ஆபரேஷன் உள்ளூரிலும் செய்கிறார்கள். அவள்தான் வெளிநாட்டு ஆஸ்பத்திரியைப் பிடித்தாள். வீங்கின கண்ணோடு இங்கே நடமாடினால் ஆளாளுக்கு விசாரிப்பார்கள் என்று பயம். விசாரிக்கிற ஆள் யார் யார் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு கையே அதிகம் என்று தெரிந்திருக்கும்.

கண் ஆபரேஷன் என்று முதலாளியிடம் மூன்று வாரம் லீவு கேட்டாள்.

"என்ன, கண்ணுல புரையா?"

"அந்த மாதிரிதாங்க."

"சரி, சரி. அந்தக் கல்யாண ஆல்பத்தை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

அவர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

ஏற்பாடுகளை மட்டும் சும்மா சொல்லக்கூடாது, கல்யாண வீட்டுக்காரர்களே தோற்றுப் போவார்கள். ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் முடிந்து ரிப்போர்ட்டுகள் உறைக்குள் போய்விட்டன. தலைவழியாகத் துணியைக் கழற்றக் கூடாது என்றார்கள் என்று முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நாலு வாங்கினாள். இரண்டு வாரம் மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்றார்கள். பிறந்ததிலிருந்து குப்புறப் படுத்தே பழகியவள், தலைக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு ஒரு மாதம் முன்னாலிருந்தே மல்லாந்து படுக்கப் பயிற்சி எடுத்தாள். கருப்புக் கண்ணாடி வாங்கி, வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நடந்து பார்த்து, குளியலறைக் கதவில் முட்டிக்கொண்டாள். முட்டின சத்தம் கேட்டு என்ன ஆச்சு என்று கேட்க அந்த ஒற்றை அறை வீட்டில் யாரும் இல்லாததால், தானே "ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டாள்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தமிழ் பேசும் நோயாளிகளைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஒரு பெண் இருந்தாள்.

"மேடம், எல்லாம் சரியா இருக்கு. டாக்டர் உங்க பழைய படம் ஒண்ணு கேக்குறார்."

"பழைய பாஸ்போர்ட் படம் இருக்கும்மா."

"அது வேணாம் மேடம். இருபத்தஞ்சு வயசு வாக்குல, சிரிச்ச மாதிரி, சாதாரணமா வீட்டுல எடுத்த படம். டச்சப் எதுவும் பண்ணாததா இருக்கணும். உங்க கண்ணு முதல்ல எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு எடுக்கணும்னு அவருக்குத் தெரியும். கூட எடுத்துட்டா ஆளே மாறிடுவீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க, பாத்துட்டுத்தான் தேதி குடுப்பார்."

இதென்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தாள். படத்துக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் மேலிருந்த ஆல்பம் எல்லாவற்றையும் இறக்கிப் போட்டு உட்கார்ந்தாள். பதினெட்டு வயதில் கையில் கேமரா வந்ததிலிருந்து வீட்டில் நடந்த அத்தனையையும் எடுத்தது அவள்தான். அக்காவின் கல்யாணம் இருந்தது. அண்ணன் தலை வருஷத்துக்கு வருஷம் வெளுத்து வந்த வரலாறு மொத்தமாக இருந்தது. அண்ணி வயிற்றில் பிள்ளையோடு மூச்சு வாங்க நிற்கிற படம் இருந்தது. சாயங்காலம் வரை புரட்டியும் அவள் மட்டும் இல்லை. "கொடு, நீ போய் நில்லு, நான் எடுக்குறேன்" என்று அத்தனை வருஷத்தில் ஒருத்தர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கேமரா கையில் இருந்தால் எங்கே நிற்பது, யார் பக்கத்தில் நிற்பது என்ற கவலை இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"இந்த வயசுல யார் பாக்கப் போறாங்கன்னு உனக்கு இதெல்லாம்?"

"நான் பாப்பேன்க்கா."

அக்கா, "சரி, தேடிப் பாக்குறேன். எங்க வீட்டுல நிறைய இருக்கும்" என்று வைத்துவிட்டாள். அண்ணன், "படமெல்லாம் எடுத்தவ நீ, எங்கிட்ட வந்து கேட்டா எப்படி?" என்று சிரித்தான். அவன் சொன்னதும் நியாயம்தான். அண்ணி மட்டும் அரைநாள் மெனக்கெட்டுத் தேடி, ஏழு படங்களைப் போனில் அனுப்பி வைத்தாள். "எல்லாத்துலயும் நீ இருக்கே பாரு" என்று கீழே எழுதியிருந்தாள். இருந்தாள்தான். விருந்தாளிகள் யாரோ எடுத்த ஐந்தில் முகத்துக்கு முன்னால் கேமரா இருந்தது. ஒன்றில் ஜன்னல் ஓரமாக முழங்கை மட்டும் தெரிந்தது. இன்னொன்றில் மாப்பிள்ளையின் ஷூ மேல் அவள் நிழல் விழுந்திருந்தது. அண்ணியின் மேல் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் அந்த ஏழையும் பார்த்த பிறகு மனசு விட்டுப் போயிற்று.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. இல்லை என்று சொன்னால் தேதி கிடைக்காது. அதைவிட, இருபத்தைந்து வயதில் நான் எப்படி இருந்தேன் என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை என்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் செய்தது தப்புத்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய படத்தை உண்டாக்கினாள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இமையைத் தூக்கினாள், பையை அழித்தாள், கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தாள். சிரிப்புதான் படிய மாட்டேன் என்றது. உதட்டின் ஓரத்தை எவ்வளவு தூக்கினாலும் பல்வலிக்காரி மாதிரியே இருந்தது. கடைசியில் அக்காவின் கல்யாணப் படத்திலிருந்து சிரிப்பை எடுத்து ஒட்டினாள், கூடப் பிறந்தவள் வாய்தானே என்று. பிசிறில்லாமல் பொருந்திவிட்டது. கழுத்துக்குக் கீழே நீலச் சட்டை. பின்னால் அண்ணி அனுப்பியதிலிருந்து அந்த ஜன்னல். நிறத்தைக் கொஞ்சம் மங்கவிட்டு, மூலையில் மடிப்பு விழுந்த தடத்தையும் போட்டாள். முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தாள். பெரிய அழகி என்று சொல்ல முடியாது. யாரோ கூப்பிட்டுத் திரும்பியவள் போல இருந்தாள்.

அனுப்பி இரண்டாம் நாள் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம் மேடம். இவ்வளவு இயல்பான படம் யாரும் அனுப்பினதில்லையாம். இதே கண்ணைத் திரும்பக் கொண்டுவந்துடலாம்னு சொன்னார். அடுத்த மாசம் பத்தாம் தேதி." தேதி கிடைத்துவிட்டது. குதித்திருக்க வேண்டியவள் ஈரத் துணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். என்றைக்கும் இல்லாத ஒருத்தியை எங்கிருந்து திரும்பக் கொண்டுவருவார் அந்த மனுஷன்?

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். தேடவே இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"என்னடி, படம் கெடச்சுதா? நானும் வீடெல்லாம் பொரட்டிட்டேன்."

"கெடச்சிருச்சுக்கா."

"எங்க, அனுப்பு, பாக்கலாம்."

அனுப்பினாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒட்டு வேலை என்று அக்கா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள், வாய் நிறையத் திட்டப் போகிறாள் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. உண்மையைத் தானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

"ஐயோ, இதா?" என்றாள் அக்கா. "இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அண்ணன் வீடு மாத்தினப்ப எடுத்ததுதானே. அந்த நீலச் சட்டை நான் உனக்கு வாங்கிக் குடுத்தது."

இவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னிக்கு மழைகூட வந்துச்சுடி. நீ முழுக்கச் சிரிச்சுக்கிட்டே இருந்தே. உன் சிரிப்பு எப்பவும் இப்படித்தான், ஒரு ஓரமா."

தன்னுடைய சிரிப்பையே அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. நீலச் சட்டை கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. அக்கா பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நிஜமாகவே ஞாபகம் இருக்கிறது என்று நம்பித்தான் சொல்கிறாள். அந்த மழை நாளில், அந்த ஜன்னலோரத்தில், ஒரு தங்கை சிரித்துக்கொண்டு நின்றிருந்தாள் அக்காவுக்கு.

"நான் எதுக்குக்கா சிரிச்சேன்?" என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"எதுக்குன்னு எப்படிடி ஞாபகம் இருக்கும்? என்னைப் பாத்துத்தான் சிரிச்சிருப்பே."

"உன்னையா?"

"பின்னே? படம் எடுத்தது நான்தானே. கேமராவை உன் கையிலேருந்து புடுங்கிட்டு, நீ போய் நில்லுன்னு சொன்னேனே, மறந்துட்டியா?"

அக்கா ஆயுசில் ஒரு படம் எடுத்தவள் இல்லை. கேமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியாது. இவள் தொங்கின இமைகளை ஒரு கையால் துடைத்துக்கொண்டு, திரையில் சிரிக்கிறவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "நீதான் எடுத்தே."