பரண் எலியும் அரக்குப் பட்டும்

காலை ஐந்து நாற்பது. காட்டுப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சுற்றுச்சுவர் மேல், தெருவிளக்கு வெளிச்சத்தில், முதலில் கண்ணில் பட்டது ஒரு சுண்டெலி. பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களை மார்போடு சேர்த்துக்கொண்டு, அசையாமல் நின்றது. எதிரே ஒரு பெரிய வீட்டெலி. முதுகு மயிர் சிலிர்க்க, நேராக வராமல் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து வந்தது. பூந்தமல்லி சாலையின் லாரிச் சத்தம் அந்நேரத்தில் தூரத்துக் கடல்போலக் கேட்கும். பனி விலகவில்லை. இரண்டும் தண்ணீருக்கடியில் நடப்பவை போலத் தெரிந்தன. ஒரு கீச்சொலி. பிறகு சுவர் மட்டும் இருந்தது.

அந்த மார்கழி முழுவதும் மாடி பால்கனியில் காப்பியோடு நின்று இதையே பார்த்தேன். வீட்டெலி கீழ்வீட்டுப் பரணில் இருந்தது. சுவர் மேல் ஒரே தடத்தில் போய்வந்தது. குறுக்கே வந்த சுண்டெலிகளை விரட்டியது. ஒன்றைக் கழுத்தில் கடித்துக் கொன்று, தின்னாமல் போட்டுவிட்டுப் போனது. மற்றவை பக்கத்துக் காலிமனையின் செங்கல் குவியலைத் தாண்டி வரவில்லை.

கீழ்வீட்டில் கணவன், மனைவி இருவர்தான். அவர் மண்ணூர்பேட்டைக் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறார். மனைவி கல்யாண ரவிக்கைகளுக்கு மணியும் ஜரிகையும் வைத்துத் தைக்கும் ஆரி வேலை செய்கிறார். தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கான அரக்குப் பட்டு அப்போது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தது. மணப்பெண்ணின் புடவையிலிருந்தே வெட்டியது. மறு துணி கிடையாது. பரணில் ஓசை கேட்டாலே மனைவியின் கை ஊசியோடு நின்றுவிடும்.

"அது துணிகிட்ட வரல. தேங்காய்தான் தேடுது. சுண்டெலிங்கள உள்ள விடாம துரத்துறதும் அதுதான்" என்றேன்.

"அப்ப அது இன்னாண்ணா, வாட்ச்மேனா? சம்பளம் நான் குடுக்கணுமா?" என்று மனைவி சிரித்தார்.

அவர்கள் வைத்த கூண்டில், சுட்ட தேங்காய்க்கு அந்த வீட்டெலி மாட்டியது. அன்று வெள்ளிக்கிழமை. பிள்ளையாரின் வாகனம், கொல்லக்கூடாது. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கணவர் கூண்டை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, "வா நைனா, நசரத்பேட்டைல உனுக்குத் தனி ஊடு பாத்து வெச்சிகீறேன்" என்று கிளம்பினார்.

சில காலைகள் சுவர் வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒரு சுண்டெலி, போன வீட்டெலியின் தடத்தை மோந்துகொண்டே வந்தது. பாதியில் நின்றது. திரும்பிப் போனது. மறுநாள் இன்னும் சற்றுத் தூரம். அப்புறம் பனிக்குள்ளிருந்து வரிசையாக, ஒன்றன் வாலை ஒன்று தொடுவதுபோல் வந்து, கீழ்வீட்டு ஜன்னல் பக்கம் இறங்கின.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கீழே கூச்சல். பட்டின் இடது கைப் பகுதியில் மொச்சைக்கொட்டை அளவு ஓட்டை. கடித்த நூல் சட்டத்தடியில் பஞ்சாகக் கிடந்தது.

"யோவ், போயி அந்த வாட்ச்மேன இட்னு வாய்யா!"

"அவன் அட்ரஸ் குடுக்காம பூட்டான்" என்றார் கணவர். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, மேசை விளக்கை எடுத்துவந்து சட்டத்தின் அருகில் பிடித்தார். அந்தப் பெண் தையல் ஓரத்திலிருந்து ஒரு துண்டு நறுக்கி, ஓட்டைக்கு அடியில் வைத்தார். மேலே மணி கோக்கத் தொடங்கினார்.

கல்யாணம் முடிந்ததும் மனைவி அதன் படத்தைச் செல்போனில் எனக்குக் காட்டினார். மணப்பெண்ணின் ரவிக்கையில் வலது கையில் இருந்ததைவிட இடது கையில் மணி கோத்த மாங்காய் ஒன்று அதிகம்.